குழந்தையின் வாக்கியம் எங்கே பிசகுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "நான் அத்தை வீடுக்கு போனான்" என்று எழுதி நோட்டை நீட்டுகிறது. நம் கை சும்மா இருக்காது. சிவப்புப் பேனாவை எடுத்து 'வீடுக்கு' என்பதை 'வீட்டுக்கு' ஆக்கி, நடுவில் ஒரு 'ப்' சேர்த்து, 'போனான்' என்பதை 'போனேன்' என்று மாற்றி, "இதை மூணு தடவை எழுது" என்று அனுப்பிவிடுகிறோம். பிள்ளையும் எழுதிவிடும். அடுத்த வாரம் "நான் மாமா வீடுக்கு போனான்" என்று வந்து நிற்கும்.

திருத்தியது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று கோளாறுகள் இருந்தன. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றையும் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் திருத்தினால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. தொடக்கப் பள்ளியில் தமிழ் எடுக்கிறவர்களும், சாயந்திரம் பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிற அம்மா அப்பாக்களும் காரணம் கண்டுபிடித்துத் திருத்தட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஐந்து வயது முதல் எட்டு, ஒன்பது வயது வரையான பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் சொற்களின் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் வாக்கியம் நிற்கும். 'நேற்று நான் கடைக்குப் போனேன்' என்றாலும், 'கடைக்கு நான் நேற்றுப் போனேன்' என்றாலும் பொருள் குலையாது. சொல்லின் கடைசிப் பகுதி பிசகினால்தான் வாக்கியம் சரியும். யார் செய்தது, யாரைச் செய்தது, எங்கே, எப்போது என்ற எல்லாமே அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. ஆகவே வரியைப் படித்ததும் சொற்களின் கடைசியைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

திருத்துவதற்கு முன்: வாயால் சொல்லச் சொல்லுங்கள்

நோட்டை மூடிவைத்துவிட்டு, "நேத்து எங்க போன? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். "அத்தை வீட்டுக்குப் போனேன்" என்று தடங்கல் இல்லாமல் வந்தால், பிள்ளைக்கு வாக்கியம் தெரியும். எழுத்தில் இறக்கும்போதுதான் எங்கோ நழுவுகிறது. வாயாலும் "நான் அத்தை வீடுக்கு போனான்" என்றே வந்தால் சிக்கல் வேறு. அந்தப் பிள்ளையின் காதில் தமிழ் போதுமான அளவு விழவில்லை. அதன் கையில் இன்னொரு ஒர்க்ஷீட்டைக் கொடுத்துப் பயனில்லை. கதை சொல்ல வேண்டும், பாட்டியோடு போனில் பேசவைக்க வேண்டும், கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசவிட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் வேலை இதுதான்.

வகுப்பை வைத்து முடிவுகட்டவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை பத்தி எழுதும், அதே பெஞ்சில் பக்கத்துப் பிள்ளை ஒரு சொல்லோடு நிற்கும். அண்ணனுக்கு எந்த வயதில் வந்ததோ அதே வயதில் தம்பிக்கும் வந்தாக வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது

படத்தைக் காட்டி "இதில் என்ன நடக்குது?" என்றால் "பூனை" என்கிறது. அதோடு சரி.

இதில் முதலில் பார்க்க வேண்டியது, இது கோளாறுதானா என்பதை. "சாப்பிட்டியா?" என்று கேட்டதற்குப் பிள்ளை "சாப்பிட்டேன்" என்றால் அது முழு வாக்கியம். 'நான்' என்பது அந்த 'ஏன்' விகுதியிலேயே இருக்கிறது. "முழுசாச் சொல்லு, ஆம், நான் சாப்பிட்டேன்" என்று வற்புறுத்துவது ஆங்கில வகுப்பிலிருந்து வந்த பழக்கம். தமிழ் பேசுகிற யாரும் வீட்டில் அப்படிப் பதில் சொல்வதில்லை. வினை வந்துவிட்டதா, அதன் முடிவு சரியாக இருக்கிறதா? அவ்வளவு போதும்.

வெறும் 'பூனை' என்றால்தான் வேலை இருக்கிறது. வினையிலிருந்து தொடங்குங்கள். "பூனை என்ன பண்ணுது?" "குடிக்குது." "என்னத்தைக் குடிக்குது?" "பாலை." "எங்க உக்காந்து குடிக்குது?" "அடுப்படியில." இப்போது நீங்கள் கோத்துச் சொல்லுங்கள்: "பூனை அடுப்படியில உக்காந்து பாலைக் குடிக்குது." பிள்ளை ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். 'ஏன்' என்ற கேள்வியை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு வினையும் 'ஆல்', 'என்று' போன்றவையும் வேண்டும். தொடக்கத்திலேயே அதைக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

படத்திலும் கவனம் வேண்டும். ஒரு ஆப்பிள், ஒரு பந்து என்று தனித்தனியாக அச்சடித்த பட அட்டைகளைக் காட்டினால் பெயர்தான் வரும், வாக்கியம் வராது. சந்தை, பேருந்து நிறுத்தம், கல்யாண வீடு போல ஆள்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கும் படமாகத் தேடுங்கள்.

பேசுவதை அப்படியே எழுதுகிறது

"அம்மா கடைக்கு போனாங்க. எனக்கு மிட்டாய் வாங்கிட்டு வந்தாங்க. நல்லா இருந்துச்சு."

பெற்றோர் அதிகம் பதறுவது இதற்குத்தான். பதற்றத்துக்குக் காரணமே இல்லை. இந்த மூன்று வரியிலும் எழுவாயும் வினையும் பொருந்துகின்றன, வேற்றுமை உருபு சரியான இடத்தில் இருக்கிறது, காலம் சரி, மரியாதையும் சரி. குழந்தைக்கு வாக்கியம் நன்றாகவே வருகிறது. எழுத்து வழக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

தயவுசெய்து 'தப்பு' என்ற சொல்லை இங்கே எடுக்காதீர்கள். வீட்டில் அம்மாவும் ஆச்சியும் பேசுகிற பேச்சைத் தப்பு என்று சொன்னால், பிள்ளை தன் காதையே நம்பாமல் போய்விடும். அதற்குப் பிறகு எதை எழுதவும் அஞ்சும். சிங்கப்பூரில் 2005-இல் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் கொடுத்தார்கள். பேச்சு வாயில் நிலைத்தால்தான் எழுத்துக்கு அடித்தளம் இருக்கும் என்பது அங்கே மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை.

என்ன செய்யலாம்? நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் 'பேசுறது', வலப்பக்கம் 'எழுதுறது'. பிள்ளை எழுதியதிலிருந்தே சொற்களை எடுங்கள். போனாங்க, போனார்கள். இருந்துச்சு, இருந்தது. வீட்ல, வீட்டில். அம்மாகிட்ட, அம்மாவிடம். கடையிலேருந்து, கடையிலிருந்து. வேணும், வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். முதல் ஜோடியாக 'ல' என்பதை 'இல்' ஆக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் வரிக்கு வரி வரும், பிள்ளைக்கும் சீக்கிரம் பிடிபடும். கோயம்புத்தூர்ப் பிள்ளையும் திருநெல்வேலிப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் இடப்பக்கம் எழுதுவது ஒன்றாக இருக்காது. இருக்கவும் வேண்டாம். வலப்பக்கம் ஒன்றாக வந்தால் சரி.

சில ஜோடிகள் நேராக மாறாது. அவற்றை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். "தம்பியோட விளையாடினேன்" என்பதில் 'தம்பியுடன்' வரும். "தம்பியோட பந்து" என்பதில் 'தம்பியின்' வரும். 'கூட்டிட்டு' என்பது 'கூட்டிக்கொண்டு' ஆகும், 'சாப்பிட்டுட்டு' என்பது 'சாப்பிட்டுவிட்டு' ஆகும். இந்த இடங்களில் பிள்ளை தடுமாறினால் அது சோம்பல் இல்லை. பேச்சில் ஒன்றாகிவிட்ட இரண்டை எழுத்தில் பிரிக்கச் சொல்கிறோம், நேரம் பிடிக்கும்.

கதையில் ஆள்கள் பேசும் இடத்தில் பேச்சுத் தமிழ் வரலாம் என்று சொல்லிவிடுங்கள். மேற்கோள் குறிக்குள் "எங்கடா போன?" என்று எழுத அனுமதி கிடைத்த பிள்ளை, குறிக்கு வெளியே தானாகவே கவனமாகிவிடும்.

'வீடுக்கு', 'மரம்இல்', 'ஆறுல்' என்று எழுதுகிறது

இதில் பாதிப் பழி நம்முடைய பயிற்சித் தாள்களுக்கு. 'மரம் + இல்' என்று எழுதி, சேர்த்து எழுது என்கிறோம். பிள்ளை சொன்னபடி சேர்த்துவிடுகிறது.

மரம், படம், குளம் போன்றவை உருபு ஏற்கும்போது மரத்து, படத்து, குளத்து என்று மாறி நிற்கும். வீடு, காடு, ஆறு, சோறு போன்றவற்றில் டகரமும் றகரமும் இரட்டிக்கும்: வீட்டு, காட்டு, ஆற்று, சோற்று. இந்த விதியை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஏற்கெனவே தெரியும். "பந்து எங்க இருக்கு?" என்று கேட்டால், தமிழ் கேட்டு வளரும் எந்தப் பிள்ளையும் "மரம்ல" என்று சொல்லாது. "மரத்துல", "வீட்டுல" என்றுதான் சொல்லும். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு எழுதவையுங்கள். 'மரத்துல' என்று முதலில் எழுதட்டும், பிறகு 'துல' என்பதைத் 'தில்' ஆக்கட்டும்.

தமிழ் அதிகம் கேட்காமல் வளரும் பிள்ளை "மரம்ல" என்றே சொல்லக்கூடும். அதற்கு ஜோடிகளை வாய்ப்பாடுபோலக் காதில் போட வேண்டும். மரம், மரத்தில், மரத்தை, மரத்துக்கு. ஒரு சொல்லை எடுத்து, கையில் தொடக்கூடிய பொருளை வைத்து நாலைந்து வாக்கியம் சொல்லுங்கள். பன்மையில் வரும் 'மரம்கள்', 'பல்கள்' என்பவையும் இந்த இனம்தான். மரங்கள், பற்கள் என்று காதால் பழகினால் தீரும்.

'பூனை எலி துரத்தியது': யார் யாரைத் துரத்தினார்கள் என்று தெரியவில்லை

இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' விடுபட்டுப்போவது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் பிழைதான். மற்ற பிழைகளில் வாக்கியம் அசிங்கமாக இருக்கும், இதில் பொருளே தொலைந்துவிடும்.

ஆனால் கவனியுங்கள், 'ஐ' எல்லா இடத்திலும் வராது. "நான் பால் குடித்தேன்", "அக்கா பூ பறித்தாள்" இரண்டும் சரியான தமிழ். பொதுவாகச் சொல்லும் உயிரற்ற பொருளுக்கு உருபு இல்லாமலே நிற்கும். அந்தப் பால், இந்தப் பூ என்று சுட்டிச் சொன்னால் "அந்தப் பாலைக் குடித்தேன்" என்று வந்தாக வேண்டும். மனிதர் என்றால் எப்போதும் வேண்டும். "நான் தம்பி பார்த்தேன்" என்பது நிற்காது. "பால் குடித்தேன்" என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் "பாலைக் குடித்தேன்" என்று திருத்தாதீர்கள். சரியாக எழுதியதைத் திருத்தினால் பிள்ளை குழம்பும், அடுத்து எல்லாச் சொல்லிலும் 'ஐ' போட்டுத் தள்ளும்.

இதற்கு நான் செய்கிற ஒரு பயிற்சி உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நான்கு அட்டைகள் செய்துகொள்வேன். 'பூனை', 'எலி', 'துரத்தியது' என்று மூன்று அட்டைகள். நாலாவது சின்ன அட்டை, அதில் 'யை' மட்டும். முதல் மூன்றையும் தரையில் வரிசையாக வைத்து, "யாரு யாரத் துரத்துனாங்க?" என்று கேட்பேன். "பூனைதான் டீச்சர், பூனைதான் துரத்தும்" என்பார்கள். அது உலக அறிவு, வரி சொன்னது இல்லை. இப்போது 'யை' அட்டையை எலிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். பூனை எலியை துரத்தியது. எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு வேறு எதையும் தொடாமல் அந்தச் சின்ன அட்டையை மட்டும் எடுத்துப் பூனைக்குப் பக்கத்தில் வைப்பேன். பூனையை எலி துரத்தியது.

ஒரு பிள்ளை படித்துவிட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு வந்தால் பாடம் உள்ளே போய்விட்டது என்று பொருள். அடுத்து அட்டைகளை இடம் மாற்றச் சொல்லுங்கள். "எலியை பூனை துரத்தியது" என்று மாற்றி வைத்தாலும் துரத்துவது பூனைதான் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். சொல் எங்கே நிற்கிறது என்பதைவிட எந்தச் சொல்லில் உருபு ஒட்டியிருக்கிறது என்பது முக்கியம் என்று இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. 'எலியைத் துரத்தியது' என்று நடுவில் 'த்' வர வேண்டுமே என்று இந்த இடத்தில் கவலைப்படாதீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

அடுத்த நாள் 'அம்மா', 'பாப்பா', 'தேடினாள்' என்று அட்டையை மாற்றுங்கள். சின்ன அட்டையில் 'வை' வரும். பிறகு அட்டையை எடுத்துவிட்டு, கேள்வியால் மட்டும் கேளுங்கள்: "யாரை? எதை?" பிள்ளை எழுதும்போது தானே இந்தக் கேள்வியை முணுமுணுக்கத் தொடங்கினால் நீங்கள் அடுத்ததற்குப் போகலாம்.

'நான் பசிக்கிறேன்', 'நான் தெரியாது', 'நான் பிடிக்கும் மாம்பழம்'

ஆங்கிலம் அதிகம் கேட்டு வளரும் பிள்ளைகளிடம் இது வரும். சென்னையிலும் வரும், டொராண்டோவிலும் வரும். 'ஐ ஆம் ஹங்கிரி', 'ஐ லைக் மேங்கோ' என்பதில் எல்லாம் 'நான்' என்று பொருள்படும் ஆங்கில 'ஐ' முதலில் நிற்பதால், தமிழிலும் 'நான்' போட்டுவிடுகிறது.

தமிழில் நாமாகச் செய்வது வேறு, நமக்கு நேர்வது வேறு. பசி, தூக்கம், காய்ச்சல், பயம் எல்லாம் நமக்கு வருபவை. பிடிக்கும், தெரியும், புரியும், வேண்டும், கிடைக்கும் போன்றவற்றிலும் அப்படியே. இங்கெல்லாம் எனக்கு, உனக்கு, அவனுக்கு என்று 'கு' உருபு வரும். எனக்குப் பசிக்கிறது. அவளுக்கு நீச்சல் தெரியும். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். ஆள் மாறினாலும் வினை மாறாது என்பதையும் காட்டுங்கள்: எனக்குப் பசிக்கிறது, உனக்குப் பசிக்கிறது, அவர்களுக்குப் பசிக்கிறது.

விளக்குவதைவிட, சாப்பாட்டு நேரத்தில் வாயால் பழக்குவது பலன் தரும். "யாருக்குத் தோசை வேணும்?" "எனக்கு!" "யாருக்குச் சட்னி பிடிக்கும்?" "அப்பாவுக்கு!" இந்த 'யாருக்கு' என்ற கேள்வி காதில் பதிந்துவிட்டால் 'நான்' தானாக விலகிவிடும்.

முதலும் முடிவும் பொருந்தவில்லை

"நானும் என் தம்பியும் பூங்காவில் விளையாடினான்." வினையை எழுதும்போது பிள்ளை மனத்தில் கடைசியாக நின்றது தம்பி. அதனால் 'ஆன்' வந்துவிட்டது. வாக்கியம் நீள நீள இது கூடும்.

நடுவில் இருப்பதைக் கையால் மூடிக்கொண்டு, முதலையும் கடைசியையும் மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "நானும் தம்பியும் விளையாடினான்." பெரும்பாலான பிள்ளைகளுக்கு உடனே உறுத்தும், "விளையாடினோம்" என்று தானே திருத்திக்கொள்ளும். உறுத்தவில்லை என்றால் பந்து விளையாட்டு. பந்தை எறியும்போது நீங்கள் 'நாங்கள்' என்று சொன்னால், பிடிக்கிற பிள்ளை 'வந்தோம்' என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே வினை. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

குழந்தை, பாப்பா என்ற சொற்களுக்கு 'அழுதது', 'தூங்கியது' என்று அஃறிணை முடிவு வருவது தமிழில் சரியே. அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை "தம்பி அழுதது" என்றும் எழுதும். 'தம்பி' என்றதும் 'அழுதான்' ஆகிவிடும் என்று சொன்னால் போதும். டீச்சர், அப்பா, தாத்தா ஆகியோருக்கு 'வந்தார்' என்று மரியாதை விகுதி. இதையும் வாயால் சொன்னாலே பிடித்துக்கொள்வார்கள்.

"மாடுகள் மேய்ந்தது" என்பது கொஞ்சம் வேறு கதை. பேச்சில் அஃறிணைப் பன்மை முடிவே கிடையாது, 'மாடுங்க மேயுது' என்றுதான் பேசுகிறோம். ஆகவே 'மேய்ந்தன', 'மேய்கின்றன' என்பவை பிள்ளைக்கு முழுக்கப் புதியவை, கண்ணால் படித்துத்தான் வர வேண்டும். மூன்றாம் வகுப்புவரை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். எதிர்காலத்தில் 'மாடு மேயும், மாடுகள் மேயும்' என்று இரண்டும் ஒன்றாகவே இருப்பது ஓர் ஆறுதல். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று எழுதும் பழக்கம் பெரியவர்களிடமிருந்து தொற்றுவது. 'ஒவ்வொரு மாணவரும்' என்று நாம் முதலில் திருந்த வேண்டும்.

'என் பெயர் இருக்கிறது கவின்', 'பையன் யார் நேற்று வந்தான்'

இதுவும் ஆங்கிலத்தின் தடம். 'என் பெயர் கவின்', 'இது பூனை' என்று பெயரோடு வாக்கியம் முடியலாம், நடுவில் எதுவும் தேவையில்லை என்று பல எடுத்துக்காட்டுகளைப் படிக்கவையுங்கள். "போனேன் கடைக்கு" என்று வினை முன்னால் வந்தால் அதைப் பேச்சில் யாரும் பிழை என்று சொல்ல மாட்டார்கள். எழுத்தில் வினையைக் கடைசிக்குக் கொண்டுவரப் பழக்கினால் போதும்.

இரண்டாவது வகைக்கு மட்டும் கொஞ்சம் வேலை உண்டு. முதலில் 'பையன் நேற்று வந்தான்' என்று தனியாகச் சொல்லவையுங்கள். பிறகு 'வந்தான்' என்பதை 'வந்த' ஆக்கிப் பையனுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள்: நேற்று வந்த பையன். பாடிய அக்கா, கடித்த நாய், உடைந்த சிலேட்டு என்று விளையாட்டாகவே போய்க்கொண்டிருக்கலாம்.

'நான் மற்றும் தம்பி'

தமிழில் 'உம்' இருக்கும்போது 'மற்றும்' எதற்கு? நானும் தம்பியும். இட்லியும் வடையும். மூன்று நான்கு வந்தால் "பேனா, பென்சில், ரப்பர் எல்லாம் வாங்கினேன்." பாடப் புத்தகங்களிலும் அறிவிப்புகளிலும் 'மற்றும்' நிறையக் கிடப்பதால் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. வாயால் எந்தப் பிள்ளையும் 'மற்றும்' என்று சொல்வதில்லை. ஆகவே "இதை எப்படிச் சொல்லுவ?" என்ற ஒரே கேள்வியில் இது தீர்ந்துவிடும்.

அப்புறம், அப்புறம், அப்புறம்

"காலையில் எழுந்தேன் அப்புறம் பல் தேய்த்தேன் அப்புறம் குளித்தேன் அப்புறம் சாப்பிட்டேன் அப்புறம் பள்ளிக்கு போனேன்." இது வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, வரிசை தெரிகிறது. முதலில் 'அப்புறம்' வரும் இடத்தில் எல்லாம் முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நல்ல வாக்கியங்கள் கிடைத்துவிடும்.

அடுத்த கட்டம் வினையெச்சம். எழுந்து, பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போனேன். கடைசி வினை ஒன்றுதான் 'ஏன்' என்று முடியும் என்பதைக் கோடிட்டுக் காட்டுங்கள். கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இதில் ஒரு குழி உண்டு. "அம்மா சமைத்து நான் சாப்பிட்டேன்." சமைத்தது ஒருவர், சாப்பிட்டது இன்னொருவர். 'சமைத்து' என்ற எச்சம் பொதுவாக அதே ஆளின் அடுத்த வினையைத்தான் கேட்கும். நன்னூலிலும் இதற்கு விதி உண்டு. ஆள் மாறினால் 'சமைத்ததும்', 'சமைத்த பிறகு', 'சமைத்ததால்' என்று போக வேண்டும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பது போல ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருந்தால் வழக்கில் ஏற்றுக்கொள்கிறோம், அதைத் திருத்த வேண்டாம்.

நேற்று போவேன், நாளைக்குப் போனேன்

நாலைந்து வயதில் இது இலக்கணப் பிழையே இல்லை. நேற்றும் நாளையும் அந்த வயதில் இன்னும் தெளிவாகவில்லை. நாள்காட்டியில் தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், படுக்கும்போது "இன்னைக்கு என்ன பண்ணினோம், நாளைக்கு என்ன பண்ணுவோம்" என்று பேசுங்கள். "நான் தினமும் ஆறு மணிக்கு எழுவேன்" என்று எழுதினால் அது சரி. வழக்கமாகச் செய்வதைத் தமிழில் எதிர்கால வடிவத்திலும் சொல்வோம்.

இப்போதைக்குத் தொட வேண்டாதவை

வல்லின எழுத்து மிகும் இடங்கள், 'ஒரு', 'ஓர்' வேறுபாடு, 'அது', 'அஃது'. முதல் இரண்டு வகுப்பில் இவற்றுக்காகச் சிவப்பு மை வேண்டாம். ற, ர, ண, ன, ந குழப்பம் எழுத்துப் பிழை, அதற்குச் சொல்வதை எழுதும் பயிற்சி தனியாக நடக்கட்டும். வாக்கியம் அமைக்கக் கற்கும் நேரத்தில் இதையும் சேர்த்துத் திருத்தினால் பிள்ளை சின்னச் சின்னதாய், பத்திரமான வாக்கியங்களை மட்டும் எழுதப் பழகிவிடும்.

எல்லாம் கலந்து வந்தால்

"நேத்து நாங்க பீச்க்கு போனோம். நான் மற்றும் அக்கா மணல் வீடு கட்டினாள். அலை வந்து வீடு உடைந்துவிட்டது. நான் அழுகை வந்தது. அப்பா அக்கா கூப்பிட்டார். ஐஸ்கிரீம் வாங்கி கொடுத்தாங்க."

முதலில் கடற்கரையைப் பற்றிப் பேசுங்கள். வீடு எவ்வளவு உயரம், அலை எப்படி வந்தது, என்ன ஐஸ்கிரீம் என்று கேளுங்கள். சொன்ன விஷயத்தைக் காதில் வாங்காமல் எழுத்தைத் திருத்தினால் அடுத்த முறை பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்திவிடும்.

பிறகு திருத்த ஒன்றை மட்டும் எடுங்கள். நான் எடுப்பது "அப்பா அக்கா கூப்பிட்டார்." அங்கேதான் படிக்கிறவர் தடுக்கி விழுவார், யார் யாரைக் கூப்பிட்டார் என்று தெரியாது. பூனை, எலி அட்டையைத் தெரிந்த பிள்ளையிடம் "யாரை?" என்று கேட்டாலே 'அக்காவை' என்று வந்துவிடும். மறுநாள் "நான் அழுகை வந்தது." "யாருக்கு அழுகை வந்துச்சு?" என்று கேளுங்கள். அதற்கு மறுநாள் நடுவை மூடிப் படிக்கவைத்தால் 'கட்டினாள்' என்பது 'கட்டினோம்' ஆகும், 'மற்றும்' போய் 'நானும் அக்காவும்' வரும். 'நேத்து', 'நாங்க', 'கொடுத்தாங்க' மூன்றும் இரண்டு பக்க நோட்டுக்குப் போகட்டும். 'அலை வந்து வீடு உடைந்துவிட்டது' நல்ல வாக்கியம், அதைப் பாராட்டுங்கள். 'பீச்க்கு', 'வாங்கி கொடுத்தாங்க' என்பவற்றில் உள்ள சந்தி இப்போது வேண்டாம்.

பேச்சில் திருத்தும்போது பிழையை எடுத்துக்காட்டாமல், சரியான வடிவத்தை உங்கள் பதிலில் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "நான் பசிக்கிறேன்மா" என்றால், "ஓ, உனக்குப் பசிக்குதா? எனக்கும் பசிக்குது, வா" என்று சொன்னால் போதும். "எனக்குப் பசிக்குதுன்னு சொல்லு, அப்பதான் சோறு" என்று நிறுத்திவைக்காதீர்கள்.

எதைச் செய்தும் நகரவில்லை என்றால்

வாயால் சொல்லும் சோதனையிலேயே பிள்ளை திணறினால், அதுவும் வீட்டில் தமிழ் நன்றாகப் புழங்கியும் திணறினால், முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். சொல்லின் கடைசிப் பகுதி பேச்சில் மெதுவாகத்தான் ஒலிக்கும். கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருந்தாலும் முதலில் தவறிப்போவது அதுதான். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது நேரலாம்.

இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை, 'பேசிடும், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று விட்டுவைக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு வரும். அவர்களிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் கட்டணம் இல்லாமல் கிடைக்கும்.